கப்பலில் போயும் பார்க்காத கடல்

28 ஏப்ரல் 1957, ஞாயிறு

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழுகிறது, அதில் எழுதுகிறேன். பக்கத்தில் மாரியாயி அத்தை. புரண்டு படுத்தால் நிறுத்திவிடுவேன்.

இன்று சாப்பிட்டு முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, உனக்கு என்ன ஆசை, சொல் என்றார். அப்பா அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை. பயந்துகொண்டே கப்பல் என்று சொல்லிவிட்டேன். நாகப்பட்டினத்தில் ஒரு கம்பெனி கோடைக்காலத்தில் உல்லாசக் கப்பல் விடுகிறதாம். காலையில் ஏறினால் கோடிக்கரை வரை போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், சாப்பாடும் உண்டு என்று பொன்மலை சந்தையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். “சரி” என்றார்.

30 ஏப்ரல்

கப்பலுக்கு பிரேக் உண்டா? அப்பா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிக்கு பிரேக் பொருத்துகிறவர். அவருக்கே தெரியவில்லை.

கரையோரம் தண்ணீர் ஒரு நிறம், உள்ளே போகப் போக வேறு நிறம் என்று லூர்துராணி டீச்சர் சொன்னார். எந்த இடத்தில் மாறும்? கோடு போட்ட மாதிரி இருக்குமா? காவிரியில் வெள்ளம் வந்தபோது ஸ்ரீரங்கம் பாலத்தில் நின்று பார்த்தேன். அதற்கே அக்கரை இருந்தது. அக்கரை இல்லாத தண்ணீரை எப்படிப் பார்ப்பது — எங்கே போய்க் கண் நிற்கும்?

5 மே

இப்போதுதான் புரிகிறது.

அத்தை கொல்லையில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “கப்பலைக் காட்டிட்டா அழாம வீட்டுல இருப்பா. வயசுக்கு வந்த பொண்ணை பஸ்ல டவுனுக்கு அனுப்பித்தான் படிக்க வைக்கணுமா?” அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

இங்கே எங்கள் பள்ளிக்கூடம் மூன்றாம் பாரத்தோடு முடிகிறது. நாலாம் பாரத்துக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். அப்பா அத்தைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். அதனால்தான் ஆசையைக் கேட்டிருக்கிறார்.

கப்பல் வேண்டாம் என்று சொன்னால்? கப்பலும் போகும், படிப்பும் போகும். கேட்கவே பயமா இருக்கு. இவ்வளவு தெரிந்தும் கடலைப் பார்க்க ஆசையாகவே இருக்கே — நான் என்ன பொண்ணு?

11 மே

ராத்திரி ரயில். புளிசாதம், கூஜா, ஜமக்காளம் எல்லாம் கட்டியாயிற்று. அத்தை வரவில்லை. நாங்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று சமயபுரத்தாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

13 மே

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கப்பல் கரைக்கு வராதாம். தள்ளி நிற்குமாம், படகில் போய் ஏற வேண்டுமாம். படகுத்துறையில் கொட்டகையும் மூட்டைகளும்தான் தெரிந்தன. படகு ஆட ஆரம்பித்ததும் அம்மா என் தலையை மடியில் அழுத்தி முந்தானையால் மூடிவிட்டாள். பார்த்தால் தலை சுற்றுமாம். கப்பல் ஏணி வரும்வரை முந்தானையின் மஞ்சள் வாசனைதான்.

ஏறியதும் அப்பா ஓடினார். ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர் அவர். மற்றவர்கள் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, அப்பா இரும்புப் படியில் இறங்கிக் கீழ்த்தட்டின் மூலையில் ஜமக்காளத்தை விரித்துவிட்டார். “ஓரத்து இடம். சாஞ்சுக்கலாம், எவனும் மிதிக்க மாட்டான்.” முகத்தில் அவ்வளவு பெருமை. ஜன்னல் கிடையாது. எண்ணெய் நாற்றம், எஞ்சின் சத்தம். எங்களைத் தவிர அங்கே இன்னும் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. இரண்டும் பொன்மலை.

மேலே போகட்டுமா என்று கேட்டேன். எழுந்தால் இடம் போய்விடும், கூட்டம் முதலில் உட்காரட்டும் என்றார். கூட்டம் உட்காரவே இல்லை. கப்பல் கிளம்பியதும் அம்மா வாந்தியெடுத்தாள், பிறகு அப்பாவும். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஈரத்துணியும் கூஜாவுமாக நான்தான் இருவருக்கும். மேலே சாப்பாட்டுக்கு மணியடித்தார்கள். யாரோ கோடிக்கரையின் கலங்கரை விளக்கு தெரிகிறது என்று கத்த, தலைக்கு மேலே எல்லாக் கால்களும் ஒரே பக்கமாக ஓடின.

நான் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, விடாமல் நடுங்கியது. காதை வைத்தால் தண்ணீர் உரசிக்கொண்டு போகும் சத்தம். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நான். நடுவில் இந்த இரும்பு எவ்வளவு கனம் இருக்கும்? கேட்க ஆளில்லை.

அம்மா கண் அசந்ததும் படியேறினேன். இருட்டிவிட்டது. இறங்குவதற்கு எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். முதுகுகள்தான்.

15 மே

இன்று அப்பா சொல்லிவிட்டார். “கப்பல் பாத்தாச்சு. இனிமே அம்மாவுக்கு ஒத்தாசையா வீட்டுல இரு கண்ணு.” தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

அழுகை வந்தது. ஆனால் வாய் வேறு எதையோ கேட்டது.

“கடல் என்ன நிறம்ப்பா?”

“நீலம்தான்.”

“நீங்க பாத்தீங்களா?”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோடிக்கரை விளக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கப்பலில் ஏறினோம் அல்லவா என்றார்.

“ஏறினோம்ப்பா. பாக்கலை. நீங்களும் பாக்கலை.”

அடிப்பார் என்று நினைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஷிப்டு நேரம்கூட இல்லை. நான் ஏன் அப்படிப் பேசினேன்?

17 மே

சமையற்கட்டில் நின்று ஒட்டுக்கேட்டேன். கப்பலோடு படிப்பை நிறுத்துவதாக நீதானே சொன்னாய் என்று அத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“காட்டறேன்னு சொன்னவன் நான்தாங்க்கா. கொண்டுபோய் கிடங்குல உக்கார வெச்சுட்டேன். அடுத்த கோடைக்குக் கப்பல் வரட்டும். ஒழுங்கா காட்டிட்டு படிப்பை நிறுத்திக்கலாம்.”

“அது வரைக்கும்?”

“அது வரைக்கும் பஸ்ல போயிட்டு வரட்டும்.”

அத்தை இன்று சாப்பிடவில்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. நிஜமாகவா என்று தெரியவில்லை.

18 ஜூன்

நாலாம் பாரம். பெரிய பள்ளிக்கூடம். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் பாதிக்கு மேல் கடல். யாரையும் தெரியாது, பயமாக இருக்கிறது. கோடை வருவதற்கு எத்தனையோ மாதம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.

9 மார்ச் 1958, ஞாயிறு

ஒர்க்‌ஷாப்பில் கியாசுதீன் என்று ஒருவர், நாகப்பட்டினத்துக்காரர். அந்தக் கம்பெனி இனிமேல் உல்லாசக் கப்பல் விடாதாம், போதுமான ஆள் சேரவில்லையாம் என்று அவர் சொன்னதாக அப்பா சாப்பிடும்போது சொன்னார்.

அத்தை விடுவாளா?

“அப்ப இவளுக்கு எப்பத்தான் கப்பல் காட்டுவே?”

அப்பா மோர் ஊற்றிப் பிசைந்தார். அவசரமே இல்லை.

“அதான் எனக்கும் தெரியலைங்க்கா.”

பிறகு என்னைப் பார்க்காமலே, அஞ்சாம் பாரத்துப் பழைய புத்தகம் யாரிடம் கிடைக்கும் என்று விசாரித்து வைக்கச் சொன்னார்.