ஆந்தைப் பெட்டியைத் தட்டியவன்

ஜனவரி 18, சனி

விஷாலினி பறவைக்காக வருவதில்லை, படத்துக்காக வருகிறாள்.

அவள், ஃபாரூக், நான் – மூவரும் சுங்கை செம்பிலாங் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றிவிட்டிருந்தது. அலை ஏறும் நேரத்தைத் தப்பாகப் பார்த்தவன் நான். உள்ளான் பறவைகள் எல்லாம் சேற்றின் அந்தக் கோடியில், கடுகு தூவினதுபோல. "சேத்தப் படம் எடுக்கவா சேது, விடியக்காலையில எழுப்புன?" என்றாள். ஃபாரூக் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. "எங்க எஸ்டேட்டுக்கு வாங்க லா, ஆந்தை காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள். தூண்மேல் மரப்பெட்டிதான் கூடு. நேராக அங்கே போனோம். நுழைவாயிலில் ஜாகாவாகக் காவல் காப்பவர் என் தாய்மாமா, சன்னாசி.

"மாப்ள, வெளியாளுங்கன்னா புத்தகத்துல பேர் எழுதணும்யா."

"நான் பொறந்த தோட்டத்துக்கு நானே பேர் எழுதணுமா மாமா?"

சிரித்துக்கொண்டே தடுப்பைத் தூக்கிவிட்டார்.

பெட்டியில் சத்தமே இல்லை. விஷாலினி கேமராவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தாள். தூணைத் தட்டினேன். இரண்டு தட்டு. ஆந்தை பட்டப்பகலில் வெளியே பாய்ந்தது. காகங்கள் துரத்தின. அவளுக்கு நல்ல படம்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆந்தை வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்ததாம். பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள்.

ஜனவரி 20, திங்கள்

விஷாலினி ஃபேஸ்புக்கில் போட்ட படத்தில் தோட்டத்துப் பெயர்ப்பலகை தெரிந்திருக்கிறது. மானேஜர் பார்த்துவிட்டார். வாசல் புத்தகத்தில் ஒரு பெயரும் இல்லை. மாமாவை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை விசாரணை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

"யாருன்னு தெரியல, நான்தான் அசந்துட்டேன்" என்றாராம் மாமா. தெரியலயா? என்னைத் தெரியலயா மாமா உங்களுக்கு?

விஷாலினி படத்தை அழித்துவிட்டாள். "என்னை இதுல இழுக்காத." திட்ட வாயெடுத்தேன் – எந்த வாயால்?

வேறு யாருடைய மாமாவாக இருந்தால் நிர்வாகத்தைக் கிழித்து ஃபேஸ்புக்கில் நாலு பக்கம் எழுதியிருப்பேன். இப்போது எழுத வேண்டியது ஒரே வரி. ஆனால் புதன்கிழமை பறவை வழிகாட்டி வேலைக்கு நேர்காணல். கூட்டிலிருந்து தாய் ஆந்தையை விரட்டியவனை எவன் எடுப்பான்?

ஜனவரி 22, புதன்

பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எப்படி என்று கேட்டார்கள். நன்றாகப் பேசினேன். எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 31, வெள்ளி

மாமா வீட்டுச் சாமானை லோரியில் ஏற்றியாயிற்று என்று அம்மா சொன்னாள். ராசா டவுனில் வாடகை வீடாம். ஏற்றிவிடக்கூட நான் போகவில்லை.

விசாரணை அன்று காலை குமுதா அத்தை அனுப்பிய, நான் இன்னும் பதில் போடாத குரல் பதிவை இன்று மறுபடியும் கேட்டேன்.

"சேது, பத்து மணிக்கு மாமாவ உள்ள கூப்புடுவாங்க. இந்த மனுஷன் உன் பேரச் சொல்ல மாட்டாரு. நானும் சொல்ல மாட்டேன். நீயா வந்து சொல்லு. ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன். வர்றியா, இல்லையா? அத மட்டும் சொல்லுய்யா."