கிழக்குப் பார்த்த கடைகள்

அக்கா,

இன்று காலை மகளின் நீலப்பூச் சட்டையின் விளிம்பைப் பிரித்தேன். நீங்கள் மூன்று மடிப்பு வைத்துத் தைத்த சட்டை. இரண்டை முன்பே பிரித்தாயிற்று, இது கடைசி. தையலை அறுத்து விரித்ததும் உள்ளே இருந்த துணி வெயில் படாமல், கடையில் வாங்கிய அன்றைய நிறத்தோடு கிடந்தது. அதன் குறுக்கே நீங்கள் சோக்கால் இழுத்த கோடு. முகர்ந்து பார்த்தேன். மிசின் எண்ணெய் மணந்தது, அல்லது மணக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம் அலுமாரித் தட்டில் இருக்கிறது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தெற்கே அத்தானோடு கடை நடத்தியது, அவர் போனபின் மிசினோடு ஊர் திரும்பியது, கோயிலுக்குச் செய்தது எல்லாம் அச்சில் இருக்கின்றன. சந்திக் கடையில் நீங்கள் திறந்த யன்னலைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் தம்பியாரில் பிழை சொல்லமாட்டேன், அவருக்குத் தெரிந்ததை அவர் எழுதினார். தெரிந்த நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செத்தவீட்டுக்கே வரவில்லை நான். மகளுக்கு அன்று மூச்சு இழுப்பு. மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டு, உங்கள் வீட்டுப் பறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இவ்வளவு பிந்தி இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சந்தியில் பஸ் தரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. சாட்டிப் பக்கத்தாலும் உள்ளூர்களாலும் நடந்தும் சைக்கிளிலும் வருகிற சனம் அங்கேதான் பட்டினத்துக்கு பஸ் ஏறும். கடலுக்குக் குறுக்கே தாம்போதி ஒன்று கிடைத்ததும் ஊசிக்கும் பட்டினம், நெருப்புப்பெட்டிக்கும் பட்டினம் என்றாகிவிட்டது. இவர் அப்போது கிராமச் சங்கத்தில் கிளாக்கர். ஒருநாள் கையில் காகிதச் சுருளோடு வந்தார்.

"பஸ் நிக்கிற இடத்திலை ஆறு கடை கட்டப்போகினமாம். சனம் ஏறி இறங்கிற இடத்திலை எல்லாம் கிடைச்சால் ஆர் பட்டினத்துக்கு அலையப்போகினம்? சந்தியே ஒரு குட்டிப் பட்டினமாயிடும். நீர் புவியியல் படிச்சனீர்தானே, இதுக்கு ஒரு படம் வடிவாக் கீறித் தாரும்."

எனக்கு அன்று எவ்வளவு சந்தோசம் என்று உங்களிடம்கூடச் சொன்னதில்லை. படித்த படிப்பு இந்த வீட்டுக் குசினிக்குள் வந்து முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அடிமட்டம் வைத்துக் கீறினேன். மேற்கே றோட்டு, றோட்டைப் பார்த்து ஆறு வாசல்.

அடுத்தநாள் படம் திரும்பி வந்தது. சங்கத்து மெம்பர் ஐயா சொன்னாராம், "மேற்கு வாசலாலை சீதேவி வருவாளோ? கிழக்கைப் பாத்துத் திருப்பச் சொல்லும்." கிழக்கே என்ன இருந்தது? ஒரு ஆள் போகிற அகலத்தில் ஒழுங்கை, அதற்கு அங்காலே ஒரு பனையோலை வேலி. கடைகள் பஸ்ஸுக்கு முதுகு காட்டி நிற்கும் என்று எனக்குத் தெரியும். "சனம் சுத்தி வரும்தானே," என்றார் இவர். கலியாணமாகி மூன்று மாதம். என்ன சொல்லப்போகிறேன்? அழிறப்பரை எடுத்தேன். ஆறு வாசலை அழித்து மற்றப் பக்கம் போட ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை.

மூன்றாம் கடையை நீங்கள் எடுத்தபோது ஊர் சிரித்தது. பெண்பிள்ளை சந்தியில் கடை போடுவதா என்று ஒரு பக்கம். வேறு ஒருவரும் கேட்காததால்தான் கிடைத்தது என்று மறுபக்கம். நான் சட்டை தைக்கக் கொண்டு வந்த முதல்நாள் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது.

"ஆறு கடையும் கோவிச்சுக்கொண்ட மச்சாள்மார் மாதிரி சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லே நிக்குதுகள். இதைக் கீறின மகராசன் ஆரோ!"

நான் துணியை மடித்து மடித்து விரித்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வருசத்துக்குள் மூன்று கடை பூட்டிவிட்டது. காலமை பஸ்ஸுக்கு நிற்கிறவன் ஒழுங்கைச் சேற்றுக்குள்ளால் சுற்றிவர மாட்டான், பஸ் போய்விடுமே. பின்னேரம் இறங்குகிறவனோ நேரே வீட்டைப் பார்த்து நடப்பான். தரிப்பில் நிற்கிற ஆம்பிளைகளுக்கு இதுதான் கதை. சந்தி சரிவந்ததா, சரிவரவில்லையா? "சரிவராது, இஞ்சத்தைச் சனத்துக்குப் பட்டினத்துக் காத்துப் படாமல் செமிக்காது," என்பார் ஒருவர். தை மாதத்துக்குள் கடைகள் ஓடாவிட்டால் சங்கம் எல்லாவற்றையும் காலி செய்து புகையிலைச் சிப்பம் அடுக்கக் கொடுக்கப்போவதாக இவர் வந்து சொன்னார். உங்களுக்கு அந்த மிசினைத் தவிர வேறு வருமானம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த மழைநாள். மகளுக்கு எட்டு மாதம். விடியவே இழுப்புத் தொடங்கிவிட்டது. இவர் அரசாங்கக் கச்சேரி அலுவலாய்ப் பட்டினத்துக்குப் போயிருந்தார். பிள்ளையைத் துவாயால் சுற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சந்திக்கு ஓடி வந்தேன். தரிப்புக்குள் நாலு பக்கத்தாலும் தூவானம். உங்கள் பின்சுவரின் காற்றோட்டைக்குள்ளால் குரல் வந்தது.

"ஆரது, பிள்ளையோடை நனையிறது? சுத்தி உள்ளை வாரும்!"

சுற்றி வந்தேன். முழங்கால்மட்டும் தண்ணீர். நீங்கள் பிள்ளையை வாங்கி, உலர்ந்த துணி சுற்றி, நெஞ்சை உரஞ்சிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில் பஸ் வந்து நின்றது. சத்தம் கேட்கிறது. ஒரு செங்கல் சுவர்தான் நடுவில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் விழுந்தெழும்பி ஓடி நான் றோட்டுக்கு வர, பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது.

நீங்கள் மழைக்குள் நின்று மறித்த காரில் போனோம். மண்கும்பான் தாண்டும்வரை நீங்கள் பிள்ளையின் நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. "மூச்சு வருது. என்ரை கையிலை தெரியுது. நீர் என்னைப் பாரும், பிள்ளையைப் பாத்துப் பயப்பிடாதையும்." இன்றைக்கும் மகளுக்கு இழுப்பு வந்தால் உங்கள் குரலில்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த மறுநாள் கடைக்கு வந்தேன். நீங்கள் வாய் நிறைய ஊசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக்கு விளிம்பு பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, அந்தப் படம் நான் கீறினது. வாசலைத் திருப்பினதும் நான்தான். பிழையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் திருப்பினனான்."

வாயில் ஊசி. உடனே பதில் சொல்ல ஏலாது. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினீர்கள். அவ்வளவு நீளமான நேரத்தை நான் சோதனை மண்டபத்திலும் இருந்து கழிக்கவில்லை.

"கீறினது நீர். கட்டினது மேசன். கட்டேக்கை வாயைப் பொத்திக்கொண்டு பாத்தது ஊர். எல்லாத்தையும் நீர் ஒராள் சுமக்க என்ன, வண்டில் மாடோ? அழுது முடிஞ்சுதெண்டால் உந்த நூலைக் கோத்துத் தாரும், எனக்குக் கண் தெரியேல்லை."

அடுத்தநாள் அலவாங்கு விழுகிற சத்தம் சந்தி முழுக்கக் கேட்டது. மேசனைப் பிடித்து, மேற்குச் சுவரில் ஒரு யன்னல் அகலத்துக்கு இடிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். மெம்பர் ஐயா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார்.

"சங்கத்துச் சுவரை ஆரைக் கேட்டு இடிக்கிறீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை ஐயா. கேட்டால் ஏலாது எண்டிருப்பியள். பிறகு உங்கடை சொல்லை மீறினமாதிரி ஆயிடும். இப்ப அந்தப் பாவம் எனக்கில்லைத்தானே."

தரிப்பில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "கிழக்கு வாசல் வைச்சது காரணத்தோடை."

"கிழக்கு வாசலை நான் தொடேல்லையே. சூரியன் அதாலை வரட்டும். ஆனால் சூரியன் சட்டை தைக்கக் குடுக்கிறேல்லை ஐயா, பஸ்ஸாலை இறங்கிற சனம்தான் குடுக்கிறது."

அவர் திரும்பி, "முதல்லை இந்தப் படத்தைக் கீறினது ஆர்? கீறின ஆளுக்கெண்டாலும் புத்தி வேண்டாமோ?" என்றார். நான் பிள்ளையோடு அங்கேதான் நின்றேன். நீங்கள் என்னை ஒருதரம் பார்த்தீர்கள். "அது பழைய கதை," என்றீர்கள். "தை மாசம் வரைக்கும் தவணை தாங்கோ. யன்னல் உழைக்காட்டி நானே என்ரை செலவிலை அடைச்சுத் தாறன்."

நான் வாய் திறக்கவில்லை. மெம்பர் ஐயாவின் சொல்லுக்கு முன்னால் இது இரண்டாவது தடவை.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் அறியும். காலமை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யன்னலால் துணியைக் கொடுத்தார்கள், பின்னேரம் இறங்கும்போது சட்டையாக வாங்கினார்கள். "பட்டினத்திலை மறந்த சாமான் இஞ்சை இருக்கு!" என்று நீங்கள் கூப்பிட, இறங்கின சனம் நின்று யோசித்தது. விளக்குத்திரி, பொத்தான், பள்ளிக்கூடத்து வெள்ளை ரிப்பன். யன்னலுக்கு வெளியே நிற்கிறவரின் தோளை நீங்கள் உள்ளிருந்தே அளக்க, பஸ் சாரதி ஹோன் அடித்துக் கேட்பார்: "அக்கா, அளவெடுத்து முடிஞ்சுதோ, பஸ்ஸை எடுக்கட்டோ?" "கொஞ்சம் பொறும் தம்பி, ஒரு கைதான் எடுத்திருக்கு. மற்றக் கையில்லாமலே தைக்கிறது?"

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் நான் உள்ளே கதிரையில் இருப்பேன். பஸ் வந்ததும் நீங்கள் பிள்ளையை யன்னலால் கண்டக்டரிடம் நீட்டுவீர்கள். நான் சுற்றி ஓடி வந்து ஏறுவேன். பிள்ளையை ஒருவரிடமும் கொடுக்காத நான், எப்படி அதற்குச் சம்மதித்தேன் என்று இன்றும் தெரியவில்லை. பிள்ளை உங்கள் கையிலிருந்து போனதால் இருக்கும். தை வந்தபோது யன்னலை அடைக்கச் சொல்ல ஒருவரும் வரவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரும் மேற்கே இடித்தார்.

சந்தி சரிவந்ததா என்று இப்போதும் கேட்கிறார்கள். இரண்டு கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மீன்காரர் தங்கள் கரையை விட்டு வரவில்லை. கூறைச் சேலைக்கும் மகளின் மருந்துக்கும் பட்டினத்துக்குத்தான் போகிறோம். உங்களிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். "மடிப்பு விட்டுத் தைச்சாச்சு. வளர்த்தி இனி அதின்ரை பாடு," என்றீர்கள். பதில் போதவில்லை என்று அன்று நினைத்தேன்.

போன கிழமை மெம்பர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். தரிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னும் நாலு கடை கட்டப்போகிறார்களாம். அதற்கென்று நான் கீறியிருந்த புதுப் படத்தை இவர் கதிரையில் விரித்தார். நாலு வாசலும் பஸ் நிற்கிற பக்கம் பார்த்தபடி. ஒரு ஓரத்தில் வெறும் நிலம்.

"உது என்னத்துக்குச் சும்மா விட்டிருக்கு?"

"மடிப்பு, ஐயா. பிறகு தேவைப்படும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். "வடிவாத்தான் இருக்கு. ஆர் கீறினது?"

இவர் வாயைத் திறக்கமுன் நான் சொன்னேன். "நான் கீறினது. முந்தினதும் நான்தான் கீறினனான். அது பிழையெண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், அக்கா. பிறகு, "அப்ப யன்னல் இடிச்ச அந்த மனுசிக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை," என்றார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, படத்தைச் சுருட்டப்போனவர் நிறுத்தி என்னிடமே நீட்டினார். "கீழை பேரைப் போட்டுத் தாரும் பிள்ளை."

போட்டேன், முழுப் பெயரையும்.

சட்டையில் இனி மடிப்பில்லை. சோக்குக் கோட்டின்மேலேயே புது விளிம்பு பிடித்துத் தைத்தேன், என் தையல் உங்களுடையதைப் போல நேராக வரவில்லை. மகள் அதைப் போட்டுக்கொண்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். இப்போது அவளாகவே பஸ் ஏறுகிறாள். ஆனாலும் உங்கள் யன்னலடிக்கு வந்ததும் பழையபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறாள்.