ஈரத் துப்பட்டா

அன்று எனக்குக் கண் மங்குகிறது என்று உங்களிடம் சொல்லவில்லை, அக்கா. வெக்கை என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை பக்கத்து மாடியில் யாரோ செடிகளுக்குப் பூச்சி மருந்து அடித்தார்கள். அழுகிய பூண்டைப் போன்ற அதே வாடை. ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

சந்தாபுரா பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட கூடங்களுக்குள் மொட்டு வெட்டுவோம். மருந்து அடித்த கூடத்துக்குள் மறுநாள்தான் போக வேண்டும். ஆனால் அது காதலர் தின வாரம். லாரி வாசலில் நின்றது. காலையில் அடித்த கூடத்துக்குள் மதியமே, "பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி சூப்பர்வைசர் எங்களை விரட்டினார். வழக்கம்போல் துப்பட்டாவை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டோம். ஈரத்துணி மருந்தைத் தடுக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. குனிந்து குனிந்து வெட்டும்போது இலையில் நின்ற மருந்தையெல்லாம் அது உறிஞ்சி, என் உதட்டில் ஒட்டி வைத்தது.

பேக்கிங் ஷெட்டிலிருந்து வாளி எடுக்க வந்த நீங்கள்தான் என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னாடி, எச்சி ஊத்துது? கண்ணக் காட்டு."

என் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது என்று பிறகு சொன்னீர்கள். துப்பட்டாவைப் பிடுங்கி எறிந்தீர்கள். வெளியே இழுத்துப்போய், பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, உடுப்பைக் களைந்து குழாய்த் தண்ணீரில் என்னைத் தேய்த்தீர்கள். "உன் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சோப்பு போட மாட்டாங்க." நடுங்கிக்கொண்டே சிரித்தேன்.

"பால் குடுங்க, செரியாயிடும். லாரி போயிடும்மா," என்றார் சூப்பர்வைசர்.

"போவட்டும். இவ போயிட்டா உங்க ஊட்டுலேர்ந்தா ஆளு குடுப்பீங்க? வண்டிய எடுங்க சார்!"

வண்டியில் ஏறும்போது காலி மருந்து பாட்டிலையும் ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டீர்கள். என்னால் பேச முடியவில்லை. டாக்டரிடம் அந்த லேபிள்தான் பேசியது. கண்மணி விரியும்வரை ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்திலிருந்து யாரும் வரவில்லை. என் கட்டிலோரம் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

நன்றி சொன்னபோது, "போடி, மொதல்ல கஞ்சியக் குடி," என்றீர்கள். போன மாதம் உங்கள் ஊரான தங்கவயலிலிருந்து நீங்கள் இறந்துவிட்ட செய்தி வந்தது. எந்த மருந்து டப்பாவைக் கையில் எடுத்தாலும் முதலில் லேபிளைப் படிக்கிறேன். அந்தப் பழக்கம் உங்களுடையது.

அன்று லாரியைத் தாமதப்படுத்தியதற்காக அந்த வாரமே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுவாரம் மருந்து அடித்த அன்று பெண்கள் ஒருவரும் கூடத்துக்குள் போகவில்லை. லாரி பாதிக் காலியாகப் போனது.