முக்காலியில் அடுக்கிய புடவை

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

பேத்தி கவிதாவுக்கு வேலை கேட்டு தி.நகர் புடவைக் கடைக்குப் போனோம். அவள் மேனேஜரிடம் பேசும்போது நான் புடவை பார்ப்பதுபோல் நின்றேன். விற்கிற பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததால் முக்காலி போட்டிருந்தார்கள். அதன்மேல் புடவையை அடுக்கியும் வைத்திருந்தார்கள்.

"ஒக்காந்துக்கினே காட்டும்மா" என்றேன் ஒரு பெண்ணிடம். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே கேமராவைப் பார்த்தாள். எனக்கு அது போதும். இதே தெருவில் இன்னொரு கடையில் வேலைக்கு நின்று நின்றுதான் என் கால் நரம்பு சுருண்டது. உட்காரவே விடாத அந்தக் கடை முதலாளியின் முகத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

இந்தக் கடை வேண்டாம் என்று பஸ்ஸில் கவிதாவிடம் சொன்னேன்.

"இன்னா ஆயா, ஏசி கீது, மேனேஜரு மரியாதையா பேசுனாரு. வேற இன்னா பாக்கணும்?"

"முக்காலிய பாரு."

"முக்காலிய பாத்துக்கினு இருந்தா எவன் வேலை குடுப்பான்?"

திங்கட்கிழமை சேர்கிறாளாம். இறங்கியதும் கறுப்புச் செருப்பு வாங்கினாள், ஒரு அளவு பெரிதாக. ஏன் என்று கேட்டேன். சாயந்திரம் கால் வீங்கும் என்று புடவைக் கடைப் பெண்ணே சொன்னாளாம்.

வீங்கப்போகிற காலுக்கு இன்றே அளவு பார்த்து வாங்கியவளிடம் நான் இன்னும் என்ன சொல்ல?