அறைந்தது உண்மை, குடித்தது பொய்

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. நீயாவது நலமாக இரு. முதலில் ஒரு திருத்தம். மருத்துவரை நான் செருப்பால் அடித்ததாக என் மருமகள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். கையால்தான் அறைந்தேன். செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. குனிய முடியாத வலி. அறைந்தது உண்மை. குடித்தது பொய்.

நடந்ததைக் கேள். ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்தேன். மேல்வயிற்றில் யாரோ கடப்பாரையை இறக்கி முதுகுப் பக்கம் நெம்பியதுபோல் இருந்தது. வாந்தி நிற்கவில்லை. குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தவளை மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கணையம் வீங்கிவிட்டதாம். அந்த இளம் மருத்துவர், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, தண்ணி பழக்கம் உண்டா?" என்றார். என்னிடம்! நம் அப்பாவின் மகளிடம்! கை தானாக எழுந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய்த் தரையில் நொறுங்கியது.

மறுநாள் கன்னம் தடித்திருக்க அவரே வந்தார். "கணையம் வீங்கினா எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்விம்மா. சாமியார் வந்து படுத்தாலும் கேப்பேன்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்தபடி, முழு வாக்கியமாக, ஒரே ஒரு முறை.

ஆனால் அந்தக் கேள்வி மட்டும் பதிலை விட்டுவிட்டு உன்னிடம் ஓடி வந்துவிட்டது. "என் கிட்னிய சாராயத்துல ஊறப் போட்டியா? அப்பன் புத்திதானே உனக்கும்!" என்று நீ தொலைபேசியில் கத்தியது பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்டது. தொலைபேசியைச் சுவரில் அடித்தேன். கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். படுக்கையெல்லாம் ரத்தம். இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். இப்போது அவிழ்த்துவிட்டார்கள், எழுதுகிறேன்.

அப்பா பெல்ட்டைச் சுழற்றியபோது உன்னைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவர் மணிக்கட்டைக் கடித்தவள் நான். அன்று என் வாயில் ரத்தத்தோடு சாராய நாற்றமும் இருந்தது. என் வாழ்நாளில் என் நாக்கு அறிந்த சாராயம் அவ்வளவுதான்.

குடி இல்லையென்றால் பித்தக்கல்லால்தான் பெரும்பாலும் கணையம் வீங்குமாம்; ஸ்கேனில் கல் ஒன்றும் இல்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு அரிதாக இப்படி வருவது உண்டாம். உடல் அதை வெளியே தள்ளிவிடாமலிருக்க நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றின்மேல்தான் சந்தேகம். நீ கொடுத்ததைக் காப்பாற்ற ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினேன். அதுவே என்னை உள்ளிருந்து சுட்டிருக்கிறது. அதை நிறுத்தி வேறொன்று கொடுக்கிறார்கள். புதியது தாங்கிப் பிடிக்குமா, அல்லது என் உடம்பு உன் சிறுநீரகத்தோடு சண்டைக்குப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அறுவை சிகிச்சை அறைக்குள் உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, "பத்திரமா வச்சுக்கக்கா, வாடகை கேக்க மாட்டேன்" என்று சிரித்தாயே. அது போனால் மருந்தால் போகும், குடியால் அல்ல. எனக்குப் பிறகு இதை யாரோ வேறு விதமாகச் சொல்லி நீ நம்பக் கூடாது.

உன்னிடம் மீதமிருக்கும் ஒன்று நூறாண்டு பழுதில்லாமல் இருக்கட்டும். தொலைபேசி உடைந்துவிட்டது, உடையாவிட்டாலும் எடுக்க மாட்டேன். நான் குடித்தேன் என்று நம்புகிறாயா, இல்லையா? உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அக்கா