என் கைப்பேசியில் இருந்த உங்கள் சாவி

நேற்று என் கைப்பேசியின் கண்ணாடி உடைந்துவிட்டது. பீளமேட்டில் ஒரு கடைக்குப் போய்ப் புதியது வாங்கினேன். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்த பெண் ஓரிடத்தில் நின்றாள். திரையில் ஆறு இலக்க எண் ஒன்று. பக்கத்தில் ஒரு சிறிய வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. வட்டம் தீர்ந்ததும் எண் மாறியது. அதற்கு மேலே உங்கள் பெயர்.

"ஐயா, இது வேற யாரோ பேர்ல இருக்குதுங்க. வேணுமுங்களா, உட்றலாமுங்களா?"

"இருக்கட்டும் அம்மணி."

"எதுக்குங்க இது? பேங்க்குங்களா?"

தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அந்த எண் இப்போது எதையும் திறக்காது. உங்கள் மகன் பூட்டை மாற்றி ஆறு மாதம் ஆகிறது. இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நான் பேசுவதை நீங்கள் குறுக்கிடாமல் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

ரயில்வே வேலையில் ஓய்வு பெற்றுப் போத்தனூரில் சும்மா இருக்க முடியாமல், அறுபத்தெட்டு வயதில் நீங்கள் கிரிப்டோ வாங்கினீர்கள். மகன் தூண்டிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்குத் தெரியும், அது முழுக்க உங்கள் கிறுக்கு. நானும் திட்டினேன்.

"கண்ணுக்கே தெரியாத காசு. அதைய எந்தப் பொட்டியிலங்க வெப்பீங்க?"

"அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்திருக்கறேன். பூட்டுப் போட்டுக் குடுங்க."

என் மோட்டார் பட்டறையில், செம்புக் கம்பிச் சுருள்களை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். கடவுச்சொல் மட்டும் போதாது, இரண்டாவது பூட்டு ஒன்று போட்டுக்கொள் என்று அந்தச் செயலி சொன்னது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆங்கிலம் எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தந்ததில்லை. மோட்டார் பெட்டிக்குள் வரும் காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தது. அதே பொறுமையோடு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எண் தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும், கட்டம் கட்டமாய் வரும் சதுரத்தை அதைக் கொண்டு படம் பிடிக்க வேண்டும்.

சதுரம் உங்கள் கைப்பேசியில் வந்தது. தன் முகத்தைத் தானே எப்படிப் படம் பிடிக்கும்? நீங்கள் எழுந்து போய்ப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த முகக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தீர்கள். திருப்பிப் பிடித்தீர்கள், தலைகீழாகப் பிடித்தீர்கள். "ஏனுங்க, சவரம் பண்ணவா போறீங்க?" என்று கேட்டுவிட்டு, என் கைப்பேசியை எடுத்து உங்கள் திரைக்கு நேரே நீட்டினேன். உடனே பிடித்துக்கொண்டது. ஆறு எண்கள் என் திரையில் வந்தன. அவற்றை உங்கள் திரையில் அடித்ததும் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று காட்டியது. பூட்டு உங்கள் கையில், சாவி என் கையில்.

சதுரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. படம் பிடிக்க முடியாதவர்கள் இந்த எழுத்துகளை அடிக்கலாம் என்று. அதை அடித்திருந்தால் சாவியும் உங்கள் கைப்பேசியிலேயே இருந்திருக்கும். அந்த வரியை நான் படித்தேன். ஓர் எழுத்துத் தப்பினாலும் போச்சு என்று வேண்டாம் என்றவன் நானேதான். அந்த எழுத்துகளைக் காகிதத்திலாவது எழுதி வைக்கலாம் என்றேன்.

"நீங்க இருக்கறப்ப காயிதம் எதுக்குங்க?" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். "பங்குக் கெணறு மாதிரி ஆயிப்போச்சு பாருங்க. நீங்க பீஸ் கட்டையக் குடுத்தாத்தான் என்ற மோட்டார் ஓடும்."

நமக்குப் பழக்கம் ஏற்பட்டதே அந்தக் கட்டையால்தானே. உங்கள் தோட்டத்துக் கிணறு உங்களுக்கும் பங்காளிக்கும் பொது. ஏதாவது சண்டை வந்தால் அவர் மோட்டார் அறைக்குப் போய், மின்சாரம் வரும் வழியில் செருகியிருக்கும் பீங்கான் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் முறை நாளில் தண்ணீர் வராது. மாற்றுக் கட்டை கேட்டு என் பட்டறைக்கு வந்தவர்தான் நீங்கள். நாற்பது வருடம் வந்துகொண்டே இருந்தீர்கள்.

அந்த இரண்டாவது பூட்டைப் போட்ட பிறகு தினமும் காலை பத்து மணிக்கு உங்கள் அழைப்பு வரும். நான் எண்ணைச் சொல்வேன். ஒரு விரலால் நீங்கள் தேடித் தேடி அடிப்பதற்குள் வட்டம் தீர்ந்துவிடும்.

"அட, மாறிப்போச்சுங்க!"

"கையக் கொஞ்சம் வெரசா ஆட்டுங்க."

"இதென்ன ரேக்ளா ரேசுங்களா?"

உள்ளே போய் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அவ்வளவுதான். வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அப்புறம் முழங்கால் வலி, தக்காளி விலை, மழை என்று அரை மணி நேரம் ஓடும். ஒருநாள் நான் சொன்னேன். "நம்பரு நம்பருன்னு உசுர வாங்கறீங்க. ஒரு வாய் காப்பி நிம்மதியாக் குடிக்க முடியுதுங்களா?" விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

அது நடந்து ஒரு வாரம் இருக்கும். பத்து மணிக்கு வழக்கம்போல் எண் சொன்னேன். பேசினோம், வைத்தோம். பதினொரு மணிக்கு மறுபடி அழைத்தீர்கள்.

"இன்னொருக்கா நம்பர் சொல்லுங்க."

உள்ளே போக ஓர் எண், இருப்பதை வெளியே அனுப்ப இன்னோர் எண். அது எனக்குத் தெரியும். வாட்ஸப் குழுவில் ஒருவன் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறான் என்று முந்தின நாள்தான் நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

"எவனுக்கு அனுப்பறீங்க?"

"எவனுக்கும் இல்லீங்க. நம்பரச் சொல்லுங்க."

"அந்த வாட்ஸப்காரனுக்குத்தானுங்க?"

"என்னைய என்ன கூமுட்டைன்னு நெனச்சுப்போட்டீங்களா? என்ற அக்கவுண்ட்டு. சொல்லுங்க."

"சொல்ல மாட்டேனுங்க."

"அப்ப நீங்களும் என்ற பங்காளியாட்டமேதான். கட்டையப் புடுங்கி மடியில கட்டிக்கிட்டீங்க."

"ஆமாங்க, கட்டிக்கிட்டேன். போயி கேஸ் போடுங்க."

அவ்வளவு கோபத்திலும் நாம் இருவரும் 'ங்க'வை விடவில்லை. ஆனால் போனை வைத்தது நான்.

இருபத்திரண்டு நாள் பேசவில்லை. இருபத்து மூன்றாம் நாள் விடியற்காலை திரையில் உங்கள் பெயர் வந்தது. மனுசன் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். உடனே எடுத்தால் கெத்துப் போய்விடும் என்று வேண்டுமென்றே நான்கைந்து தடவை அடிக்க விட்டேன். எடுத்தால், பேசியது உங்கள் மகன். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்றான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் பட்டறைக்கு வந்தான். கடவுச்சொல்லை உங்கள் டைரியில் கண்டுபிடித்திருந்தான். உள்ளே போக முடியவில்லை. அதன் கீழே 'நம்பருக்கு' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தீர்களாம்.

"அப்பா அக்கவுண்ட்டோட நம்பர் உங்க போன்ல எப்படிங்க மாமா வருது?"

சொன்னேன். சதுரம், முகக் கண்ணாடி, பதினொரு மணிச் சண்டை எல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர் படிச்சவன் ஊட்டுலயே நான் இருக்கறேன். என்கிட்டச் சொல்லாம உங்ககிட்ட எதுக்குங்க வந்தாரு? அதுல உங்களுக்கு ஏதாச்சும் பாத்தியதை இருக்குதுங்களா?"

பாத்தியதையாம். நாற்பது வருடத்தில் உங்கள் தோட்டத்திலிருந்து நீங்களாகக் கொடுத்த தேங்காயைத் தவிர ஒன்று தொட்டிருப்பேனா? "நம்பர இங்க சொல்ல மாட்டேன். உன்ற அம்மா முன்னாடி வந்து சொல்றேன்" என்றேன். "ஆறு நம்பருக்கு இத்தனை வீம்புங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஆமாம், வீம்புதான். வேறு எதை வைத்து நான் இத்தனை வருடம் நிமிர்ந்து நின்றேன்?

மறுநாளே உக்கடத்தில் பஸ் மாறிப் போத்தனூர் வந்தேன். உங்கள் மனைவி முன்னால் உட்கார்ந்து எண்ணைச் சொன்னேன். மகன் உள்ளே போனான். நீங்கள் வாங்கி வைத்தது வைத்தபடியே இருந்தது. எந்த நாளில் என்ன செய்தீர்கள் என்ற பதிவுகளை அவன் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். குரல் இறங்கியிருந்தது.

"மாமா, அப்பா யாருக்கும் எதையும் அனுப்பப் பாக்கலீங்க. அன்னிக்குப் பதினொரு மணிக்கு இந்தப் பூட்டைத்தான் மாத்தப் பாத்திருக்காரு. உங்க போன்லருந்து அவரு போனுக்கு. பழைய நம்பர் இல்லாம பாதியில நின்னுருக்குது."

பூட்டை மாற்றவும் அதே எண் வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த வரியை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். என் மேல் நம்பிக்கை போய்விட்டதா? இல்லை, காப்பி குடிக்க விடுவதில்லை என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த மனுசனை இனித் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தீர்களா? முதலாவது என்றால் அது எனக்கு அவமானம். இரண்டாவது என்றால் அந்தப் பத்து மணிப் பேச்சை என் வாயாலேயே நான் கெடுத்துக்கொண்டேன். எது என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

உங்கள் மனைவியிடம் கேட்டேன். "ஏனுங்க அம்மணி, என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"பூட்டைப் பத்தியெல்லாம் எனக்கென்னங்கண்ணா தெரியும்? ஆனாக்க தெனமும் பத்து மணிக்குப் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவாரு. நீங்களே ஒருக்கா கூப்புடுங்கன்னா, 'தப்பு அவரு மேல, அவரு கூப்புடட்டும்'பாரு. பத்தரை ஆச்சுன்னா வெச்சுப்போட்டுத் தோட்டத்துக்குப் போயிருவாரு."

அந்த இருபத்திரண்டு நாளும் பத்து மணிக்கு நானும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கேட்டபோது நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதை உங்கள் வீட்டில் நான் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதும் எல்லாத் தப்பும் என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எவனுக்கு என்று கேட்டது நான், வைத்தது நான். சரி. ஆனால் பூட்டை மாற்றுகிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கோபித்துக்கொண்டாவது அந்த நிமிடமே எண்ணைச் சொல்லியிருப்பேன். அந்த வார்த்தையைச் சொல்லாதது நீங்கள். இந்தச் சண்டையில் பாதி உங்களுடையது. என் பாதியை நான் சுமந்துவிடுவேன், அதில் எனக்குக் கஷ்டம் இல்லை. உங்கள் பாதியையும் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே, அதைத்தான் எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.