திறந்து பார்த்து மூடிவிட்டோம்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட என்னைப் பழக்கியது நீங்கள்தான். ஆத்தூர்க்காரி வாயில் இந்தக் கொங்குப் பேச்சு ஒட்டாது என்று உங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை.

உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால்தான் எனக்கு இந்தப் படபடப்பு அடங்கும்.

பூங்கொடியை நினைவிருக்கிறதா? எடப்பாடிக்குப் பக்கத்தில் தறி ஓட்டுகிற செங்கோடனின் மனைவி. மகளைப் பெற வந்தபோது, முதுகில் ஊசி போடுகிற பயத்தில் உங்கள் கையைப் பிறாண்டி வைத்தாளே, அவள்தான். அந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அடிவயிறு கனக்கிறது என்று பூங்கொடி என்னிடம் வந்தாள். "உக்கோந்தா வலது காலு கரண்டு அடிச்சாப்பல இழுக்குதுங்க" என்றும் சொன்னாள். நாளெல்லாம் தறியில் நிற்கிற கால், வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேனில் வலது சூலகத்தை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. சூலகத்துக் கட்டி என்று ஸ்கேன் டாக்டர் எழுதினார், நானும் நம்பினேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம்.

வயிற்றைத் திறந்தால் கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, சூலகங்களும் நன்றாக இருக்கின்றன. கட்டி அவற்றுக்கெல்லாம் பின்னால், முதுகெலும்பை ஒட்டி வழவழவென்று உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் வெள்ளையாக ஒரு நரம்பு பட்டைபட்டையாகப் படர்ந்திருந்தது. காலுக்குப் போகிற நரம்பு! தெரியாமல் கத்தியை வைத்தால் அவள் கால் போய்விடும். பழக்கத்தில் தலைமாட்டை நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் நிற்கும் இடத்தில் புது மயக்க டாக்டர் நின்றிருந்தார். எதையும் தொடாமல் தைத்து மூடினேன்.

அது சரியான முடிவுதான், நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள். கெட்டது அதற்குப் பிறகுதான்.

ஆபரேஷன் முடிந்ததும் முதலில் வெளியே போவது எப்போதும் நீங்கள். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்பீர்கள். அதைக் கேட்டதுமே வராந்தாவில் எல்லோருக்கும் மூச்சு வந்துவிடும். இந்த முறை நான் போனேன். "கட்டியை எடுக்கலைங்க. திறந்து பாத்துட்டு மூடிட்டோம். இன்னும் டெஸ்ட் எடுக்கணும்" என்றேன். செங்கோடன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு, புற்று முற்றிவிட்டது என்ற ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கா தெரியாது? கோயம்புத்தூரில் உங்களை உள்ளே அனுப்பிவிட்டு நின்றபோது, சர்ஜன் வந்து என்னிடம் சொன்னதும் இதேதானே. அது எப்படிங்க அச்சுப் பிசகாமல் என் வாயிலும் வந்தது?

அவளைச் சேலத்துக்கு அனுப்பி எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஊசியால் சதை எடுத்துச் சோதித்தோம். புற்று இல்லை. நரம்பின் உறையிலிருந்து முளைக்கிற சாதுவான கட்டி. ஷ்வானோமா என்று படிப்புக் காலத்தில் ஒரு பக்கம் படித்திருப்போம், அதோடு மறந்திருப்போம். எங்கேயோ ஒருத்திக்குத்தான் வரும். வந்தாலும் சூலகக் கட்டி மாதிரியே வேஷம் போடும். சந்தோஷமாகப் போன் செய்தேன். செங்கோடன் நம்பவில்லை.

"மனசைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க, தெரியுதுங்க. இனி எதுக்குங்க இன்னொருக்கா அறுக்கறது? இருக்கற நாளைக்கு நிம்மதியா இருக்கட்டும்."

அவரைக் குறை சொல்ல முடியுமா? புற்று என்றால் நோயாளியிடம் மறைப்பதுதானே இங்கே வழக்கம். இல்லை என்று டாக்டர் அடித்துச் சொல்லச் சொல்ல, இருக்கிறது என்றுதான் கேட்பவர்களுக்குப் படும்.

பிறகு நானே அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். தறி ஓடவில்லை. வாசலெல்லாம் செருப்பு, உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் அடுக்கியிருந்தன. சொந்தக்காரர்கள் கடைசியாக முகம் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா கண்ணை மூடுவதற்குள் முடித்துவிடலாம் என்று, படிக்கிற மகளுக்கு மாப்பிள்ளையும் பேசிவிட்டார்கள். அந்தப் பெண் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தது. நான் வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு வீட்டையே என்ன செய்துவிட்டது பாருங்கள்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். யாரும் கையில் வாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டராக இருந்துகொண்டு அழலாமா என்று கேட்பீர்கள். வந்துவிட்டது.

"செங்கோடன், எங்க வீட்டுக்காரரையும் திறந்து பாத்து மூடினாங்க. அது வேற, இது வேற. அந்த ரிப்போர்ட்டையும் நான்தான் படிச்சேன். இதையும் நான்தான் படிச்சேன். எனக்கு வித்தியாசம் தெரியும்."

கட்டிலில் சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்த பூங்கொடி திரும்பினாள். "டாக்டரய்யாவையுங்களா?" என்றாள். அவளுக்குத் தெரியாதாம். பிறகு வலது காலைத் தடவிக்கொண்டே, "காலு நல்லாயிருமுங்களா? தறிக்கு நிக்கோணுங்க" என்று கேட்டாள். ஆகும் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. நரம்புக்கென்றே படித்த டாக்டர் செய்வார், நானும் கூடவே நிற்பேன் என்றேன். சரியென்று தலையாட்டினாள்.

சேலத்தில் ஆபரேஷன். தசையைத் தளர்த்துகிற மருந்து கொடுக்காமல் மயக்கினார்கள். நரம்பைக் கருவியால் தொட்டால் பாதம் துள்ள வேண்டும், அதுதான் வழிகாட்டி. நரம்பு இல்லாத இடமாகத் தேடி உறையைக் கீறி, நுங்கை நோண்டுகிற மாதிரி கட்டியை மட்டும் வெளியே எடுத்தார் நரம்பு சர்ஜன். பாதி வேலையில் ஒருமுறை தொட்டபோது பாதம் அசையவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று தண்ணீர் விட்டுக் காத்திருந்தார். மறுபடி தொட்டார். அசைந்தது, ஆனால் முன்போல இல்லை.

மயக்கம் தெளியும்வரை அவள் கால்மாட்டிலேயே நின்றேன். "பூங்கொடி, கட்டை விரலைத் தூக்கு" என்றேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "தூக்கறனுங்க, கத்தாதீங்க" என்று முனகினாள். விரல் மெதுவாக எழுந்தது. உள்ளங்கால் மரத்த மாதிரி இருக்கிறதாம். அது எப்போது சரியாகும், முழுதாகச் சரியாகுமா என்ற பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

வெளிக்கதவுக்கு வந்தவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என்ன சொல்வது? கட்டி, உறை, நரம்பு என்று எதை ஆரம்பித்தாலும் செங்கோடன் அதற்குள் செத்துப்போவார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே போனேன்.

"காப்பி குடிச்சீங்களா?" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த மகள், "இல்லீங்க டாக்டரம்மா, இன்னும் குடிக்கலீங்க" என்றாள். மூன்று பேருமாகப் போய்க் குடித்தோம். அன்றைக்குக் கோயம்புத்தூரில் கதவைத் திறந்துகொண்டு வந்து, யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருக்கக் கூடாதா?

கேட்கவில்லை. போகட்டும். இனி நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். இது உங்கள்மேல் சத்தியம்.

வெளியே முதலில் போகும் உங்கள் வேலையை எடுத்துக்கொண்ட,
உங்கள் ஆத்தூர்க்காரப் பெண்டாட்டி,
மரகதம்